சராசரிகளை ஒப்பிடும் முறை: மதுவாலையிற் பிறந்த ஒரு சோதனையின் வரலாறு

ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் 62. மற்றொரு வகுப்பின் சராசரி 58. முதல் வகுப்பே மேலானது என்று கூறிவிடலாமா? கூட்டவும் வகுக்கவும் அறிந்த எவரும் சராசரி காண்பர். ஆயின் இரு சராசரிகளுக்கிடையே தோன்றும் வேற்றுமை உண்மையானதா, அன்றித் தற்செயலாய் நேர்ந்ததா என்பதை அறுதியிடுவதற்குக் கூட்டலும் வகுத்தலும் போதா. அதற்கென்றே புள்ளியியலார் பல சோதனைகளை வகுத்துள்ளனர். இசட் சோதனை, டி சோதனை, இணைச் சோதனை, வெல்ச்சு சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்று அவை விரியும். இவற்றுள் எதனை எங்கே ஆள்வது என்பதே இக்கலையைப் புதிதாகக் கற்பார்க்கு ஏற்படும் முதல் மயக்கம்.

பாட நூல்கள் பல, இம்மயக்கத்தைத் தீர்க்க ஒரு சூத்திரம் தருகின்றன. எண்ணிக்கை 30க்குக் குறைந்தால் டி, மிகுந்தால் இசட் என்பது அது. மாணாக்கர் அதனை நெட்டுருச் செய்து தேர்விலும் எழுதிவிடுவர். ஆயினும் அச்சூத்திரம் பாதி உண்மையே. ஒவ்வொரு சோதனையும் ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஏற்பட்ட இடர்ப்பாட்டுக்கு விடையாகத் தோன்றியதாகும். அந்த இடர்ப்பாடு இன்னதென அறிந்தோர் சோதனையைத் தேர்வதில் இடறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சராசரிகளைச் சோதிக்கும் முறை ஒன்று இருக்கவே செய்தது. சராசரியில் உள்ள பிழையின் அளவு, திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும் என்பதும், அப்பிழை மணி போன்ற வடிவுடைய இயல்நிலைப் பரவலைத் தழுவும் என்பதும் லாப்லாசு, காசு ஆகியோர் காலந்தொட்டே அறியப்பட்டவை. வேற்றுமை அப்பிழையைப் போல் 1.96 மடங்குக்கு மேற்பட்டால், தற்செயலாக அவ்வாறு நேர்வதற்குள்ள வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தினும் குறைவு. இதுவே இன்று இசட் சோதனை எனப்படுவது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உயிரளவையியலை வளர்த்த கார்ல் பியர்சன் என்பாரும் அவர்தம் மாணவரும் ஆயிரக்கணக்கான மண்டையோடுகளையும் மனித உயரங்களையும் அளந்து இம்முறையை ஆண்டனர். அளவைகள் ஆயிரக்கணக்கில் இருந்தமையால் அவர்களுக்கு இடர் எதுவும் தோன்றவில்லை.

இடர் தோன்றியது டப்ளின் நகரத்து மதுவாலை ஒன்றில். கின்னஸ் நிறுவனம் அக்காலத்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் அறிவியல் பயின்ற இளைஞர்களைத் தேடி வேலைக்கு அமர்த்தியது. அவ்வாறு 1899இல் அங்கே சேர்ந்தவர் வில்லியம் சீலி காசெட். 1876இல் கான்டர்பரியிற் பிறந்து, ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் கற்றவர். வாற்கோதுமையின் எந்த இனம் மிகுதியாக விளையும், ஹாப்பு மலர்களின் தரத்தை எங்ஙனம் மதிப்பிடுவது, நொதியில் எத்தனை உயிரணுக்கள் உள்ளன என்பன போன்ற கேள்விகள் நாள்தோறும் அவர் முன் வந்து நின்றன. ஒரு வயற்சோதனைக்கு ஓராண்டு வேண்டும். ஆகையால் கையிற் கிடைப்பன நான்கு அளவைகள், மிகுந்தாற் பத்து. ஆயிரத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஆலை ஓடாது.

நான்கு அளவைகளைக்கொண்டு பழைய முறையை ஆள்வதில் என்ன குறை? திட்ட விலக்கத்தையும் அந்த நான்கிலிருந்தே கணிக்க வேண்டியிருக்கிறது என்பதே குறை. அளவைகள் ஆயிரமாயின் கணித்த திட்ட விலக்கம் உண்மையான திட்ட விலக்கத்துக்கு மிக அண்மையில் நிற்கும். நான்கே யாயின் அதுவும் தற்செயலுக்கு ஆட்பட்டது. ஒருமுறை மிகச் சிறிதாகவும் மற்றொருமுறை மிகப் பெரிதாகவும் வரும். சிறிதாக வந்தபோது, இல்லாத வேற்றுமை இருப்பதுபோலத் தோன்றிவிடும். அளவுகோலே நீண்டும் குறுகியும் போகுமானால் அளந்த நீளத்தை யார் நம்புவர்?

காசெட் 1904இலேயே பிழை விதியை மதுவாலைப் பணிக்குப் பயன்படுத்துவது குறித்துத் தம் நிறுவனத்தார்க்கு ஓர் அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு பியர்சனை நேரிற் கண்டு ஆலோசித்தார். 1906, 1907ஆம் ஆண்டுகளில் நிறுவனத்தின் இசைவுடன் பியர்சனின் ஆய்வுக்கூடத்திலேயே தங்கிப் பயின்றார். கின்னஸ் நிறுவனம் தன் பணியாளர் தம் பெயரில் கட்டுரை வெளியிடுவதை ஒப்பவில்லை யாதலின், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரைப் பூண்டார். மாணாக்கன் என்பது அதன் பொருள். உலகெங்குமுள்ள மாணாக்கரை இன்றும் அலைக்கழிக்கும் ஒரு சோதனைக்கு அப்பெயரே வாய்த்தது விந்தைதான்.

அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1908இல் பியர்சனின் 'பயோமெட்ரிகா' இதழில் வெளிவந்தது. அதில் அவர் செய்த ஒரு காரியம் கணக்கறியாதாரும் சுவைக்கத் தக்கது. குற்றவாளிகள் 3000 பேருடைய உயரமும் இடக்கை நடுவிரலின் நீளமும் முன்னரே அளக்கப்பட்டிருந்தன. காசெட் அவற்றை 3000 அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 சிறு கூட்டங்கள் ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் கண்டு, தாம் கணிதவழி ஊகித்த வளைகோட்டுடன் அவை பொருந்துகின்றனவா என்று பார்த்தார். பொருந்தின. கணினி பல்லாயிரம் தடவை செய்து காட்டும் வேலையை அவர் அட்டையும் கையும் கொண்டு செய்து முடித்தார். அவருடைய கணித நிறுவலில் ஓரிடத்தில் ஊகம் இருந்தது. அட்டைகள் அவ்வூகத்திற்குச் சான்று பகர்ந்தன.

முடிவு யாதெனில், அளவைகள் சிலவாகும்போது 1.96 என்னும் எல்லை போதாது. நான்கு அளவைகளாயின் எல்லை 3.18ஆக உயர வேண்டும், பத்தாயின் 2.26, முப்பதாயின் 2.05. எண்ணிக்கை பெருகப் பெருக எல்லை 1.96ஐ நெருங்கும். முப்பது என்ற எண்ணுக்குத் தனி மகிமை எதுவும் இல்லை என்பது இதனாற் புலனாகும். உண்மையான திட்ட விலக்கம் வெளியிலிருந்து உறுதியாகத் தெரிந்திருந்தால் இசட். கையிலுள்ள அளவைகளிலிருந்தே அதனைக் கணித்தால் டி. இதுவே சரியான பிரிவினை. எண்ணிக்கை மிகுந்தபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருதலின், அட்டவணை பார்த்துக் கணக்கிட்ட காலத்தில் வசதி கருதி முப்பதில் ஒரு கோடு கிழித்தனர். வசதிக்காகக் கிழித்த கோடு நாளடைவில் விதியாகிவிட்டது.

அக்கட்டுரையில் காசெட் எடுத்துக்காட்டாகக் கொண்டது மருத்துவத் துறையைச் சேர்ந்தது. குஷ்னி, பீபிள்சு என்னும் இருவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மனநோய் மருத்துவமனையில், உறக்கம் தரும் மருந்துகளைப் பத்து நோயாளிகளுக்குக் கொடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் கூடுதலாக உறங்கினர் என்று குறித்து 1905இல் வெளியிட்டிருந்தனர். முதல் மருந்தால் கிடைத்த கூடுதல் உறக்கம் சராசரி 0.75 மணி, இரண்டாவதால் 2.33 மணி. வேற்றுமை 1.58 மணி, அதாவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். காசெட் மருந்துகளின் பெயர்களை மாற்றி எழுதிவிட்டார் என்பதைப் பின்வந்தோர் கண்டுபிடித்தனர், எண்கள் சரியானவையே.

ஈண்டுச் சோதனையைத் தேர்வதன் அருமை தெளிவாகப் புலப்படுகிறது. இரு மருந்தும் ஒரே நோயாளிக்கே கொடுக்கப்பட்டன. ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் பத்து வேற்றுமைகள் கிடைக்கும். அவற்றின் சராசரி 1.58, திட்ட விலக்கம் 1.23. அவற்றைக்கொண்டு கணித்தால் டியின் மதிப்பு 4.06 ஆகிறது. எல்லையோ 2.26. இரண்டாவது மருந்தே சிறந்தது என்பதற்கு 666க்கு 1 என்ற விகிதத்தில் பந்தயம் கட்டலாம் என்பது காசெட்டின் கணக்கு.

இப்போது, இரு மருந்தும் வெவ்வேறு பத்துப் பேருக்குக் கொடுக்கப்பட்டன என்று தவறாக எண்ணி, தனித்தனிக் கூட்டங்களுக்குரிய டி சோதனையைச் செய்தால் என்ன ஆகும்? எண்கள் அவையே, வேற்றுமையும் அதே 1.58. ஆனால் டியின் மதிப்பு 1.86ஆகச் சுருங்கிவிடுகிறது. எல்லை 2.10. மருந்துகளுக்கிடையே வேற்றுமை உண்டென்று கூற இடமில்லை என்று தீர்ப்பாகிவிடும்! காரணம் யாது? நோயாளிகள் ஒருவரோடொருவர் பெரிதும் வேறுபட்டனர். ஏழாம் நோயாளி முதல் மருந்தால் 3.7 மணியும் இரண்டாவதால் 5.5 மணியும் கூடுதலாக உறங்கினார். நான்காம் நோயாளியோ முதல் மருந்தால் 1.2 மணி குறைவாகவும் இரண்டாவதால் 0.1 மணி மட்டுமே கூடுதலாகவும் உறங்கினார். ஆளுக்கு ஆள் உள்ள இந்த ஏற்றத்தாழ்வு, மருந்துக்கு மருந்து உள்ள வேற்றுமையை மறைத்துவிடுகிறது. ஒரே ஆளுக்குள் கழித்துப் பார்க்கும்போது அத்திரை விலகுகிறது. பாடம் தொடங்குமுன் ஒரு தேர்வும் முடிந்தபின் ஒரு தேர்வும் வைத்து அதே மாணாக்கரை ஒப்பிடும் ஆசிரியர் செய்வதும் இணைச் சோதனைக்குரிய காரியமேயாகும். முன்தேர்வெழுதியோர் ஒரு கூட்டம், பின்தேர்வெழுதியோர் மற்றொரு கூட்டம் என்று பிரித்து வைத்துக் கணித்தால் தம் உழைப்பின் பயனைத் தாமே மறைத்துக்கொள்வர்.

1908ஆம் ஆண்டுக் கட்டுரையை உடனே பாராட்டியவர் மிகச் சிலரே. இத்துணைச் சிறு எண்ணிக்கையைக் கையாள்வோர் குறும்புக்கார மதுவடிப்போர்தாம் என்று பியர்சன் ஒரு கடிதத்தில் கேலியாகக் குறித்தார். அதன் பெருமையை முழுதும் உணர்ந்தவர் கேம்பிரிட்ஜில் பயின்ற ரொனால்டு பிஷர் என்னும் இளைஞர். காசெட் ஊகத்தால் கண்ட முடிவை, பல பரிமாணங்களையுடைய வடிவ கணிதத்தைக்கொண்டு ஐயத்துக்கிடமின்றி நிறுவி, 1912இல் காசெட்டுக்கு எழுதி அனுப்பினார். அந்நிறுவலைக் காசெட்டாலேயே எளிதிற் பின்தொடர முடியவில்லை. அவர் அதனைப் பியர்சனுக்கு அனுப்பி வைத்தார். 1915இல்தான் அது அச்சேறியது.

பின்னர் 1919இல் ராதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்ற பிஷர், காசெட்டின் சோதனையை விரித்தார். அளவைகளின் எண்ணிக்கையை அப்படியே கொள்ளாமல், அவற்றுள் தடையின்றி மாறக்கூடியவை எத்தனை என்று எண்ணும் 'கட்டின்மைக் கூறுகள்' என்ற கருத்தைப் புகுத்தினார். பத்து எண்களின் சராசரி தெரிந்துவிட்டால் ஒன்பதை விருப்பம்போல் மாற்றலாம். பத்தாவது தானே அமைந்துவிடும். ஆகவே கட்டின்மைக் கூறு ஒன்பது. தனித்தனியான இரு கூட்டங்களின் சராசரிகளை ஒப்பிடுவதற்கும் அதே டி அட்டவணையைப் பயன்படுத்தலாம் என்று காட்டியவரும் அவரே. 1925இல் வெளிவந்த அவருடைய ஆராய்ச்சியாளர்க்கான புள்ளியியல் நூல் இம்முறைகளை உலகெங்கும் பரப்பிற்று.

இணைச் சோதனையை ஆண்டால் எப்போதும் ஆதாயமே என்று எண்ணிவிடலாகாது. இதற்கு மாறான சான்றினைப் பிஷர் தம் 1935ஆம் ஆண்டு நூலில் எடுத்தாண்ட டார்வினின் மக்காச்சோளக் கணக்கிலே காணலாம். அயல் மகரந்தத்தால் தோன்றிய செடிகள் தன் மகரந்தத்தால் தோன்றியவற்றினும் உயர்ந்து வளருமா என்று அறிய, சார்லசு டார்வின் 15 இணைச் செடிகளை வளர்த்து 1876இல் வெளியிட்டார். ஒவ்வோர் இணையும் ஒரே தொட்டியில், ஒரே மண்ணில் வளர்ந்தது. அயல் மகரந்தச் செடிகளின் சராசரி உயரம் 20.19 அங்குலம், மற்றவற்றின் சராசரி 17.58. டார்வின் இவ்வெண்களைத் தம் உறவினரான கால்டனிடம் காட்டியபோது, அவர் இரு வரிசைகளையும் தனித்தனியே உயர வரிசைப்படி மாற்றி அடுக்கினார். பார்வைக்கு அழகாயிற்று, ஆனால் எச்செடி எச்செடிக்கு இணை என்ற செய்தி அழிந்தது. பிஷர் இதனைச் சுட்டிக் கண்டித்தார்.

இணைப்படியே கணித்தால் டி 2.148; எல்லை 2.145. மயிரிழையில் எல்லையைக் கடக்கிறது. தனிக் கூட்டங்களாகக் கணித்தாலோ டி 2.44 ஆகிறது, எல்லை 2.05. இங்கே தவறான சோதனைதான் வலிமையான விடையைத் தருகிறது! இரண்டு இணைகளில் அயல் மகரந்தச் செடிகள் 12 அங்குலமே வளர, அவற்றின் துணைகள் 20 அங்குலத்தையும் 18 அங்குலத்தையும் எட்டிவிட்டமையே இதற்குக் காரணம். அவற்றால் இணைகளின் வேற்றுமைகள் பெரிதும் சிதறின. எனினும் டார்வின் நட்டது இணைகளாகவே. ஆகையால் சோதிப்பதும் இணைகளாகவே இருத்தல் வேண்டும். உறக்க மருந்திலும் சரி, மக்காச்சோளத்திலும் சரி, எச்சோதனை என்பதை முடிவு செய்வது அளவைகள் எவ்வாறு திரட்டப்பட்டன என்பதேயன்றி, எது மகிழ்ச்சி தரும் விடையைத் தருகிறது என்பதன்று. இரண்டையும் செய்து பார்த்து இனிப்பானதைப் பொறுக்குவோர், ஐந்து விழுக்காட்டு எல்லை என்று தாம் எழுதுவதை மெய்யாகவே மீறியவராவர்.

மக்காச்சோளக் கணக்கில் மற்றொரு செய்தியும் பொதிந்துள்ளது. அயல் மகரந்தச் செடிகளின் மாறுபாடு 13.08, மற்றவற்றின் மாறுபாடு 4.21. ஒன்று மற்றொன்றைப் போல் மும்மடங்கு. பிஷர் வகுத்த தனிக் கூட்டச் சோதனையோ இரு கூட்டங்களின் மாறுபாடும் ஒன்றே என்ற கருதுகோளின் மேல் நிற்பது. அது பொய்த்தால் என் செய்வது? ஜெர்மானியரான பேரன்சு 1929இல் இவ்வினாவை எழுப்பினார். பிஷர் அதற்கு ஒரு விடை தந்தார். பிறர் அதனை ஏற்க மறுத்து நெடுங்காலம் வாதிட்டனர். நடைமுறைக்கு உகந்த விடை வெல்ச்சு என்பார் 1938இலும் 1947இலும் எழுதிய கட்டுரைகளிற் பிறந்தது. இரு மாறுபாடுகளையும் ஒன்றாகக் கலவாமல் தனித்தனியே வைத்து, கட்டின்மைக் கூறுகளைக் குறைத்துக்கொள்வதே அவர் வழி. டார்வினின் செடிகளைத் தனிக் கூட்டங்களாகக் கொண்டால் 28 கூறுகள் 22ஆகக் குறையும். இரு கூட்டங்களும் எண்ணிக்கையில் ஒத்திருந்தால் இழப்பு பெரிதன்று. சிறிய கூட்டத்தின் மாறுபாடு பெரிதாயிருந்தால் பழைய முறை நம்மைப் பெரிதும் ஏமாற்றும். ஆகையால் இரு தனிக் கூட்டங்கள் என்றாலே வெல்ச்சு முறையைக் கைக்கொள்க என்று இன்று பலர் அறிவுறுத்துகின்றனர். புள்ளியியலார் பெரிதும் ஆளும் 'ஆர்' என்னும் கணினி மொழி, வேறு கட்டளை இடாவிடில் அதனையே செய்கிறது. பாட நூல்கள்தாம் பின்தங்கி நிற்கின்றன.

கூட்டங்கள் இரண்டுக்கு மேற்பட்டால் டி சோதனையை மீண்டும் மீண்டும் செய்வது தகாது. ஐந்து கூட்டங்களில் பத்து இணைகள் உள. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஐந்து பிழைபட வாய்ப்பிருக்க, அவை ஒன்றையொன்று சாரா எனக் கொண்டால், எங்கேனும் ஒரு பிழை நேரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதாகும். ஒரே கூட்டம் பல இணைகளில் வருதலின் உண்மையில் அது சற்றுக் குறையும்; எனினும் ஐந்தினும் மிகப் பெரிதே. எல்லாவற்றையும் ஒரே முறையிற் சோதிக்கும் மாறுபாட்டுப் பகுப்பாய்வைப் பிஷர் ராதம்ஸ்டெட்டின் உர வயல்களில் உருவாக்கினார்.

ஒருபுறம் பார்ப்பதா, இருபுறமும் பார்ப்பதா என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. பியர்சனின் மைந்தர் ஈகான் பியர்சன் 1926இல் காசெட்டிடம் கேட்ட ஒரு கேள்விக்கு அவர் எழுதிய மறுமொழியில், ஒரு கருதுகோளைத் தள்ளுவதற்கு அதனினும் ஏற்புடைய மற்றொரு கருதுகோள் கண்முன் இருத்தல் வேண்டும் என்ற குறிப்பு இருந்தது. அதுவே வித்தாக, ஈகான் பியர்சனும் போலந்து நாட்டு நெய்மனும் 1933இல் தம் கோட்பாட்டை நிறைவு செய்தனர். இரண்டாம் மருந்து மேலானதா என்று மட்டும் முன்கூட்டியே வினவியிருந்தால், தனிக் கூட்டக் கணக்கின் எல்லை 2.10இலிருந்து 1.73ஆக இறங்கும், 1.86 அதனைக் கடந்துவிடும். வினாவை எண்களைக் கண்டபின் மாற்றலாகாது என்பது இதனால் விளங்கும்.

காசெட் இறுதிவரை கின்னஸ் நிறுவனத்திலேயே பணியாற்றி 1937இல் மறைந்தார். அவருடைய பிற்காலக் கட்டுரைகளில் ஒன்று பள்ளி ஆசிரியர்களைப் பற்றியது. 1930இல் ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயர் வட்டாரத்துப் பள்ளிகளில் 10,000 குழந்தைகளுக்கு நான்கு மாதம் நாள்தோறும் பால் கொடுத்து, பால் பெறாத 10,000 குழந்தைகளுடன் எடையும் உயரமும் ஒப்பிட்டனர். குழந்தைகளைக் குருட்டாம்போக்கில் பிரித்தபின், ஒரு பக்கம் நன்கு உண்டு வளர்ந்தோர் மிகுந்துவிட்டதாகத் தோன்றினால் ஆசிரியர் மாற்றிக்கொள்ளலாம் என்று இசைவளித்திருந்தனர். ஏழைக் குழந்தைகளின் பால் இரக்கங்கொண்ட ஆசிரியர் பலர் அவர்களைப் பால் பெறும் பக்கம் சேர்த்தனர் போலும். தொடக்கத்திலேயே பால் பெறாதோர் எடையிலும் உயரத்திலும் மேம்பட்டிருந்தனர். மேலும் குழந்தைகளை உடையுடன் நிறுத்ததால், பிப்ரவரியின் கம்பளியாடை ஜூன் மாதத்தில் களையப்பட்டபோது, களைவதற்கு ஆடை மிகுதியாயிருந்த வசதியுள்ள குழந்தைகளே எடையில் பின்தங்கினர். 20,000 எண்கள் இருந்தும் எச்சோதனையாலும் இப்பழுதை நீக்க இயலாது என்று 1931இல் எழுதிய காசெட், ஒரே கருவிற் பிறந்த இரட்டையர் 50 இணைகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வோர் இணையிலும் யாருக்குப் பால் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்திருந்தால், செலவில் மிகச் சிறிய பங்கிலேயே இதனினும் நம்பத்தக்க விடை கிடைத்திருக்கும் என்றார்.